கம்பிவழி வரும் இசை

இல்லத்திலிருந்தபடியே நல்லிசை கேட்டு மகிழும் பேறு இக்காலத்தார்க்கு எளிதில் வாய்த்துளது. இசைத்தட்டைச் சுழற்றுங் கருவி ஒன்று. அதினின்று எழும் நுண்ணிய மின்னலைகளை வலிமைப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர் என்னும் பெருக்கி ஒன்று. இடமும் வலமுமாக ஸ்பீக்கர்ப் பெட்டிகள் இரண்டு. இவையே ஸ்டீரியோ எனப்படும் இசைத்தொகுதியின் உறுப்புக்கள். இவற்றைத் தம்முள் பிணைப்பன சில கம்பிகள். கருவிகளைப் பற்றி நூறு வினா எழுப்பியவர்கள் கம்பியைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பாதிருந்த காலம் உண்டு. விளக்குக்கு இடும் இரட்டைக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி ஸ்பீக்கருக்கு இட்டு அமைதியுற்றிருந்தனர். 1970ஆம் ஆண்டுகளில் இந்நிலை மாறலாயிற்று. 1979இல் அமெரிக்க நாட்டில் நோயல் லீ என்பவர், ஸ்பீக்கருக்கென்றே தடித்த கேபிள்களைச் செய்து விற்கும் மான்ஸ்டர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன்பின் கம்பி ஒரு தனிச் சரக்காயிற்று. இன்று சில நூறு ரூபாய் முதல் பல இலக்கம் ரூபாய் வரை விலை குறித்த கேபிள்கள் அங்காடியில் உள.

கம்பி கம்பியே, அதில் உயர்வென்ன, தாழ்வென்ன என்பார் ஒரு சாரார். கம்பியை மாற்றியதும் திரை விலகினாற்போல் இசை தெளிந்தது என்பார் மற்றொரு சாரார். முன்னவர் பின்னவரைப் பித்தர் என்பர். பின்னவர் முன்னவரைச் செவிடர் என்பர். இவ்வழக்கு வெறும் வாய்ச்சண்டையாயின் நாம் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆயின் விடுதிச் செலவிற் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து ஒரு மாணவர் ஸ்பீக்கர் வாங்கச் செல்கிறார் என்று கொள்வோம். பெட்டியின் விலையிற் பாதியைக் கம்பிக்கென்று கடைக்காரர் கேட்கிறார். கொடாது விட்டால் இசை குன்றுமோ என்ற அச்சம் ஒருபுறம். கொடுத்தால் ஏமாறுவோமோ என்ற ஐயம் ஒருபுறம். இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் அம்மாணவர்க்கு விடை பௌதிக நூலில் உண்டு. அதுவும் பள்ளியிறுதி வகுப்புக்களிற் கற்ற பகுதிகளிலேயே உண்டு.

கம்பி ஒன்று மின்னோட்டத்தைச் செய்யக்கூடியது யாது? முதலாவது, அதனை ஓரளவு தடுக்கும். இதனை மின்தடை என்கிறோம். இதன் விதியை ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்டார். இரண்டாவது, அருகருகே செல்லும் இரு கம்பிகள் தம்மிடையே சிறிது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும், இது தேக்குத்திறன். மூன்றாவது, ஓட்டம் மாறுந்தோறும் அம்மாற்றத்தைக் கம்பி சிறிது எதிர்க்கும், இது தூண்டல். ஒலியலைக்குரிய மின்னோட்டத்தின்பால் ஒரு நல்ல கம்பி இழைக்கும் தீங்கெல்லாம் இம்மூன்றனுள் அடங்கும். கம்பியின் மேலுறை நீலமோ பொன்னிறமோ என்பது இதில் எவ்விடத்தும் புகுவதில்லை.

முதற்கண் பெருக்கியினின்று ஸ்பீக்கருக்குச் செல்லுங் கம்பியை நோக்குவோம். மீட்டர் ஐந்து நீளமுள்ள இரட்டைக் கம்பி. ஒவ்வொரு கம்பியும் 2.5 சதுர மில்லிமீட்டர் பருமனுடைய தாமிரம் என்க. போக ஐந்து, வர ஐந்து, ஆகப் பத்து மீட்டர்த் தாமிரத்தின் தடை ஏறக்குறைய 0.07 ஓம். ஸ்பீக்கரின் எதிர்ப்பு 8 ஓம் எனின், கம்பியால் நேரும் ஒலியிழப்பு ஒரு டெசிபெலில் பதின்மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. இதனை எச்செவியும் உணராது. அதே நீளத்திற்கு 0.2 சதுர மில்லிமீட்டர்ப் பருமனே உள்ள மெல்லிய கம்பியை இட்டாற் கதை வேறு. அதன் தடை 0.86 ஓம். இதுவும் ஒலியைச் சிறிது குறைப்பதோடு நின்றுவிடுமாயின், ஒலியளவுக் குமிழைச் சற்றே திருப்பிக் குறையை நிரப்பிக் கொள்ளலாம். அங்ஙனம் நில்லாமைக்குக் காரணம் ஸ்பீக்கரின் இயல்பில் உளது.

ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருப்பினும், அஃது எல்லாச் சுரத்திற்கும் 8 ஓம் அன்று. தாழ்ந்த சுரங்களில் ஓரிடத்தில் அதன் எதிர்ப்பு 30 ஓம் வரை உயரும். வேறோரிடத்தில் 4 ஓம் வரை தாழும். இவ்வேற்றத்தாழ்வு ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வேறுபடும். 30 ஓம் உள்ள இடத்தில் மேற்கூறிய மெல்லிய கம்பி கால் டெசிபெலே விழுங்கும். 4 ஓம் உள்ள இடத்தில் ஒன்றேமுக்கால் டெசிபெலுக்குச் சற்றுக் குறைய விழுங்கும். ஆகவே சில சுரங்கள் ஓங்கியும் சில சுரங்கள் ஒடுங்கியும் வரும்; வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை டெசிபெல். பழகிய செவி இதனை உணரும். கம்பியை மாற்றினேன், இசை மாறிற்று என்று ஒருவர் கூறுங்கால், அவர் முன்னர் இட்டிருந்தது இத்தகைய மெல்லிய கம்பியாயின், அவர் கூற்று முற்றும் மெய். அவரை நகைத்தவரே பௌதிகம் அறியாதவர்.

மெய்யான இவ்வேறுபாட்டைப் பெறுதற்கு வேண்டுவது பருமனேயன்றி விலையன்று. கம்பியின் முழுத்தடை, ஸ்பீக்கரின் எதிர்ப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கை மிஞ்சாதிருத்தல் போதும் என்பது ஒலித்துறைப் பொறியியலார் பலர் கையாளும் அளவு. எட்டு ஓமுக்கு 0.4 ஓம், நான்கு ஓமுக்கு 0.2 ஓம். சிற்றறைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியும், நீண்ட கூடத்திற்கு 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியும் இவ்வெல்லைக்குள் நிற்கும். மின்சாதனக் கடையில் மீட்டர்க் கணக்கில் விற்கும் சாதாரணத் தாமிரக் கம்பியே இதற்குத் தக்கது. இடப்பெட்டிக்கும் வலப்பெட்டிக்கும் கம்பி அணுவளவும் நீளத்தில் வேறுபடலாகாது என்று அஞ்சுவோரும் உளர். மின்னலை கம்பியில் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேலாகச் செல்வது. ஒரு மீட்டர் வேறுபாட்டால் எழும் தாமதம் ஒரு வினாடியைக் கோடிக் கூறு செய்தால் அவற்றுள் ஒன்றன் பகுதியே.

நிற்க. ஸ்பீக்கரின் உள்ளே காந்தத்தினிடையில் ஒரு கம்பிச்சுருள் உண்டு. மிக மெல்லிய கம்பியைப் பல சுற்றுக்களாகச் சுற்றியது அது; எட்டு ஓம் ஸ்பீக்கரில் அச்சுருளின் தடை மட்டுமே ஆறு ஓம் அளவினது. உரத்த இசையை நெடுநேரம் இசைத்தால் இச்சுருள் சூடேறும். தாமிரத்தின் தடை வெப்பத்தின் ஒவ்வொரு சென்டிகிரேடு பாகைக்கும் நூற்றுக்கு 0.39 வீதம் உயர்வது. சுருள் ஐம்பது பாகை சூடேறின் ஆறு ஓம் ஏழேகால் ஓமுக்கு அணித்தாகும். அஃதாவது, வெளியே 0.07 ஓமைக் குறைக்க ஒருவர் பெரும்பொருள் செலவிட்டிருக்க, உள்ளே 1.2 ஓம் சத்தமின்றி ஏறியிறங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி தடித்தால் ஸ்பீக்கரின் அதிர்வு உரிய நேரத்தில் அடங்கும், பம்மென்று நீளாது என்று கூறுவதும் உண்டு. அதிரும் காகிதக்கூம்பு தானே ஒரு மின்னாக்கியாய் நின்று, அவ்வோட்டம் பெருக்கியின் வழியே சுற்றி வந்து கூம்பைப் பிடித்து நிறுத்தும் என்பது மெய்யே. ஆயினும் அவ்வோட்டம் கடக்க வேண்டிய தடையில் ஆறு ஓம் சுருளினுடையது. அதனோடு 0.07 கூடினும் குறையினும் நூற்றுக்கு ஒன்றே வேறுபாடு.

வெள்ளிக் கம்பியைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளி தாமிரத்தினும் நல்ல கடத்தி என்பது உண்மை; ஆயின் நூற்றுக்கு ஐந்தாறு பங்கே மேம்பட்டது. தாமிரக் கம்பியை ஐந்தாறு பங்கு பருமனாக்கினால் வெள்ளியின் பயன் முழுவதும் கைவரும். ஆக்சிஜன் நீக்கிய தாமிரம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்பதற்கும், மின்சாதனங்களுக்கு வழங்கும் சாதாரணத் தாமிரத்திற்கும் கடத்துந் திறனில் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாடு காண்பதும் அரிது. உயர்ந்த அதிர்வுகளில் மின்னோட்டம் கம்பியின் தோற்புறமாகவே ஒதுங்கிச் செல்லும் என்ற விளைவைச் சுட்டி அச்சுறுத்துவாரும் உளர். வானொலி அலைகளுக்கு இது பெரும் பொருட்டு. வினாடிக்கு 20,000 அதிர்வில், மாந்தர் செவியின் மேலெல்லையில், தாமிரத்தில் அவ்வோட்டம் புகும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியின் தடை அதனால் ஐந்தில் ஒரு பங்கு உயரலாம், 0.07 ஓம் 0.084 ஓம் ஆம். அவ்வளவே. தூண்டலின் பங்கு இதனினும் சிறிது பெரிது: ஐந்து மீட்டர் இரட்டைக் கம்பியில் அவ்வதிர்வுக்கு ஏறக்குறைய 0.4 ஓம் எதிர்ப்பு எழும். ஆயினும் அது தடையோடு நேராகக் கூடாது, செங்கோணமாகவே கூடுதலின், எட்டு ஓம் ஸ்பீக்கரின்முன் அதன் விளைவு ஒன்றுமில்லாததற்கு ஒப்பாகும். உயர்ந்த சுரங்களில் எதிர்ப்பு ஒன்றிரண்டு ஓமாகத் தாழ்ந்துவிடும் நிலைமின் ஸ்பீக்கர்கள் சில உள. அவற்றிற்கு மட்டும் கம்பியைக் குறுக்குதல் நன்று. தூண்டலைக் குறைக்க விரும்பி மெல்லிய இழைகள் பலவற்றைப் பின்னிச் செய்த கேபிள்கள் 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வெளிவந்தன. அவற்றின் தேக்குத்திறன் மிகுதியைத் தாங்காது சில பெருக்கிகள் தாமே அலைவுற்றுப் பழுதாயின. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

கம்பியால் செய்தி சிதைதல் என்பது கற்பனையன்று; அதன் வரலாறு பெரியது. 1858இல் அட்லாண்டிக் கடலின் அடியில் ஏறக்குறைய மூவாயிரத்திருநூறு கிலோமீட்டர் நீளமுள்ள தந்திக் கம்பி இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கத் தலைவர்க்கு விடுத்த வாழ்த்துச் செய்தி 98 சொற்களே. அது போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் பிடித்தது. கம்பியின் தடையும் தேக்குத்திறனும் கூடி ஒவ்வொரு குறியையும் நீட்டி மழுக்கி, அடுத்த குறியோடு கலந்துவிட்டன. பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் இதனைக் கணிதத்தால் முன்பே காட்டியிருந்தார். மின்னழுத்தத்தை மிகுத்தால் குறை தீரும் என்று வைட்ஹவுஸ் என்னும் பொறுப்பாளர் ஈராயிரம் வோல்ட் அளவு ஏற்ற, கம்பி சில வாரங்களிலேயே மாண்டது. தொலைபேசிக் கம்பிகளில் குரல் மழுங்குதலைத் தீர்க்கும் வழியை ஆலிவர் ஹெவிசைடு 1887இல் கண்டார். அதற்குரிய சுருள்களுக்குப் பூபின் 1900இல் காப்புரிமை பெற்றார். கேபிள் விற்போர் தம் விளம்பரங்களில் ஆளும் அருஞ்சொற்கள் பல இவ்வரலாற்றினின்றே வந்தன. ஆயின் தாம்சன் கண்ட விதிப்படி இம்மழுக்கம் நீளத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. நம் ஐந்து மீட்டரைக் காட்டிலும் அக்கடற்கம்பி ஆறு இலக்கத்து நாற்பதினாயிரம் மடங்கு நீண்டது. அதன் வர்க்கமோ நாற்பதினாயிரம் கோடியை எட்டும். கடலடியில் யானையாய் நின்றது நம் கூடத்தில் எறும்பும் அன்று.

இனி, இசைத்தட்டுக் கருவியினின்று பெருக்கிக்குச் செல்லும் மெல்லிய கம்பிகள். இவற்றின் இயல்பு வேறு. இங்கே செல்லும் ஓட்டம் மிகச் சிறிது; பெருக்கியின் வாயிலில் உள்ள எதிர்ப்போ பத்தாயிரம் ஓம் முதல் ஐம்பதினாயிரம் ஓம் வரை. அதன்முன் கம்பியின் தடை ஒரு பொருட்டன்று. இங்கே கருதற்பாலது தேக்குத்திறன். பொதுவாக மீட்டருக்கு 100 பிக்கோபாரட் என்று கொள்ளலாம். குறுந்தட்டுக் கருவி போன்றவற்றின் வெளிவாயில் எதிர்ப்பு ஆயிரம் ஓம் என மிகுதியாகவே கொண்டாலும், இரண்டு மீட்டர்க் கம்பி வினாடிக்கு எட்டு இலக்கம் அதிர்வளவிற்கு மேலேதான் தன் குறும்பைத் தொடங்கும். வௌவாலும் கேளாத அதிர்வு அது.

ஆனால் இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். மின்சாரம் ஊட்டப்படாத வெறும் ஒலியளவுக் குமிழைப் பெட்டியிலிட்டு இடையில் வைப்பார் சிலர். அக்குமிழ் ஒரு இலக்கம் ஓம் உள்ளதாயின், அது நடுநிலையில் நிற்குங்கால் கம்பியை நோக்கி இருபத்தையாயிரம் ஓமாய் நிற்கும். அதன்பின் ஐந்து மீட்டர்க் கம்பி இட்டால், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகள் தேயத் தொடங்கும். இசையின் மேற்பூச்சு மங்கிவிடும். இங்கே தேக்குத்திறன் குறைந்த கம்பியும் குறுகிய நீளமும் மெய்யாகவே காதுக்குப் பயன் தரும்.

மற்றோர் இடம் பழைய இசைத்தட்டின் முள். ஊசியோடு காந்தம் அசையும் வகைப் பிக்கப்பினுள் பல்லாயிரம் சுற்றுள்ள நுண்சுருள் உண்டு. அதன் தூண்டல் 500 மில்லிஹென்றி அளவினது. தூண்டலும் தேக்குத்திறனும் கூடிய இடத்தில் ஊஞ்சல் போல ஓர் ஒத்ததிர்வு பிறக்கும் என்பதை மாணவர் அறிவர். முள்தாங்கிக் கரத்தின் கம்பி, வெளிக்கம்பி, பெருக்கியின் வாயில் ஆகிய மூன்றன் தேக்குத்திறனும் கூடி 200 பிக்கோபாரட் எனின் அவ்வொத்ததிர்வு ஏறக்குறைய 15,900 அதிர்வில் விழும். நீண்ட கம்பியை இட்டு அதனை 400 ஆக்கினால் 11,250க்கு இறங்கிவிடும். அவ்விடத்தைச் சுற்றி ஒலி மேடிட்டு, அதற்கப்பால் சரேலென வீழும். ஜாலராவின் ஒலி கூர்ந்து தகரம்போல் ஒலிப்பதும், வயலினின் மேற்சுரங்கள் உறுத்துவதும் இதனால் நேரும். ஆகவே இசைத்தட்டு ஆர்வலர் ஒருவர், முள்ளிலிருந்து வருங் கம்பியை மாற்றியதும் இசை மாறிற்று என்பாராயின் நாம் வாய்மூடிக் கேட்கக் கடவோம். அவர் கம்பியின் விலையைக் கூற வேண்டுவதில்லை. மீட்டருக்கு எத்தனை பிக்கோபாரட் என்று கூறினாற் போதும். பிக்கப் செய்வோர் தத்தம் கருவிக்கு உகந்த தேக்குத்திறனைக் குறிப்புத் தாளில் அச்சிடுவதும் இதன்பொருட்டே. சுருள் அசையும் வகைப் பிக்கப்புக்களின் தூண்டல் மிகச் சிறிதாகலின் அவற்றிற்கு இத்தொல்லை இல்லை.

இல்லங்களில் கம்பியால் வரும் குறைகளுள் மிகப் பலர் மெய்யாகக் கேட்பது உம்மென்ற ரீங்காரமே. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அதிர்வுடையது. அதன் காந்தப்புலமும் மின்புலமும் வீடெங்கும் பரவியுள்ளன. முள்ளிலிருந்து வரும் அலையோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. மேலே பின்னல்வலை உறையுடைய கேபிளைப் பயன்படுத்துவது இப்புலங்களுள் மின்புலத்தைத் தடுத்தற்காம். மையக் கம்பியை மற்றொரு கடத்தி சூழ்ந்து நிற்கும் இவ்வமைப்பிற்கு 1880இலேயே ஹெவிசைடு காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் உறை எவ்வளவு செம்மையாயிருப்பினும், இரு கருவிகள் இரு வேறு பிளக்குகளின் வழியாக எர்த் பெறுமாயின், அவ்விரண்டு எர்த்துக்கும் இடையேயுள்ள சிற்றழுத்தம் கேபிளின் உறைவழியே ஓட்டத்தை விடும். உறையின் தடையில் அவ்வோட்டம் எழுப்பும் அழுத்தம் இசையோடு கூடிப் பெருக்கியுட் புகும். இதற்கு மருந்து விலையுயர்ந்த கேபிள் அன்று. கருவிகளை ஒரே பலகையிலுள்ள பிளக்குகளில் இணைப்பதும், உறை தடித்த கேபிளை இடுவதுமேயாம். ரீங்காரத்தை ஒழிக்க எர்த் முனையை வெட்டிவிடுவார் சிலர். உயிருக்கு உலை வைக்கும் அச்செயலை எவரும் செய்யலாகாது.

வானொலி நிலையத்தாரும் ஒலிப்பதிவுக் கூடத்தாரும் வேறு வழி கண்டனர். ஒரே அலையை இரு கம்பிகளில் ஒன்றற்கொன்று எதிர்முகமாக அனுப்பி, மறுமுனையில் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வர். வழியிற் புகுந்த இரைச்சல் இரண்டிலும் ஒரேவிதமாய் இருத்தலின் தானே கழிந்துவிடும். தொலைபேசிக் கம்பிகளை இரட்டையாய் முறுக்கிவிட்டால் அயற்கம்பியின் இரைச்சல் புகாது என்று 1881இல் காப்புரிமை பெற்றவர் கிரகாம் பெல். ஒலிப்பதிவுக் கூடங்களில் நூறு மீட்டர்க் கம்பியும் இம்முறையால் அமைதியாய் வேலை செய்கின்றது. நாம் போற்றும் இசைத்தட்டுக்களெல்லாம் அத்தகைய சாதாரணக் கம்பிகளின் வழியே வந்தவை என்பதைக் கேபிள் ஆர்வலர் மறந்துவிடுகின்றனர்.

கேபிளின் மேல் அம்புக்குறி பொறித்து, இசை இத்திசையிற் செல்லவேண்டும் என்பாரும் உளர். ஒலிக்குரிய ஓட்டம் வினாடிதோறும் பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் செல்வது; அதற்கு ஒருவழிப் பாதை ஏது? மேலுறையை ஒரு முனையில் மட்டும் இணைத்துச் செய்த கேபிள்களில் அவ்வம்பு ஒரு பொருளுடையது. ஏனையவற்றில் அஃது அலங்காரம்.

முனைகளே கம்பியினும் பெரிதும் கவனிக்கற்பாலன. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் தாமிரம் பச்சைபூத்துப் போவதை நாம் நாளும் காண்கிறோம். அங்ஙனம் பூத்த முனையைத் திருகின் கீழ் இட்டால் ஒலி கரகரக்கும். ஒரு பக்கம் அவ்வப்போது அடங்கும். கம்பியின் முனையைச் சுரண்டிப் புதிதாய் முறுக்கி இறுக்கினால் தீரும் இக்குறையைப் புதுக் கேபிள் வாங்கித் தீர்த்தவர்கள், கேபிளின் புகழைப் பாடுவர். புதுக் கேபிளில் மெய்யாகப் புதிதாயிருந்தது முனையே. பொன்முலாம் பூசிய பிளக்குகள் களிம்பேறாமையின் அம்மட்டில் நன்மையே. இன்னொன்று: ஸ்பீக்கர் இரண்டனுள் ஒன்றற்கு மட்டும் கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றி இணைத்துவிட்டால், ஒரு கூம்பு முன்னே வருங்கால் மற்றது பின்னே செல்லும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று விழுங்கிவிடும்; பாடுவோர் நடுவில் நிற்பதாகத் தோன்றாது எங்கோ தலைக்குப் பின்னே இருப்பதாகத் தோன்றும். கம்பியால் ஒரு ஸ்டீரியோவிற்கு நேரக்கூடிய மாற்றங்களில் இதனினும் பெரியதில்லை. திருத்துதற்குக் காசும் வேண்டுவதில்லை.

எண்களாக ஒலியைச் செலுத்தும் கேபிள்களைப் பற்றிச் சிறிதே கூறுவேன். 1982இல் வெளிவந்த குறுந்தட்டில் ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகின்றது. அவ்வெண்கள் பிழையின்றிச் சேர்ந்தால் இசை முழுதும் சேர்ந்ததே. கேபிள் பழுதாயின் இசை இனிமை குறைந்து வாராது, வெட்டுண்டு கொடகொடத்து வரும் அல்லது வாராதொழியும். எண்கள் வந்துசேரும் நேரம் சிறிது நடுங்கலாம் என்பது மெய். அந்நடுக்கத்தைப் பெறுங்கருவி தன் கடிகாரத்தால் திருத்திக்கொள்ளும்.

இங்ஙனமாயின், தடித்த கம்பியினின்று மேலும் விலையுயர்ந்த கம்பிக்கு மாறியும் வேறுபாடு கேட்டேன் என்பார் பொய்யரோ? அல்லர். நம் செவியின் நினைவு மிகக் குறுகியது. கம்பியைக் கழற்றி மாட்டும் சில நிமிடத்திற்குள் முன்கேட்ட ஒலியின் நுட்பம் மறைந்துவிடும். அறையின் சுவர்களில் ஒலி எதிரொலித்து மோதுவதால், தலை ஒரு சாண் நகர்ந்தாலும் உயர்ந்த சுரங்களின் அளவு மாறும். ஒலியளவு மிகச் சிறிது உயரின் செவி அதனை உரப்பு என்று உணராது, தெளிவு என்றே உணரும். இவற்றின்மேல், விலை கொடுத்தோம் என்ற நினைவும் கூடுகிறது. எதிர்பார்ப்பு செவியைப் பொய் சொல்ல வைப்பதன்று, கேட்பதையே மாற்றுகின்றது.

1983 ஆகஸ்டில் ஸ்டீரியோ ரிவ்யூ என்னும் அமெரிக்க இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் ஒரு சோதனையை வெளியிட்டார். கம்பி எதுவெனக் கேட்போர் அறியாதபடி அமைத்த சோதனை அது. மேலே நாம் கண்ட 0.2 சதுர மில்லிமீட்டர் அளவினதான மெல்லிய கம்பியை, இரைச்சலைக் கொண்டு சோதித்தபோது கேட்டோர் இனங்கண்டனர். 1.3 சதுர மில்லிமீட்டர்ச் சாதாரணக் கம்பிக்கும் விலையுயர்ந்த தடித்த கேபிளுக்கும் இடையே, இசையைக் கேட்டு உறுதியாய் வேறுபாடு காட்ட அவர்களால் இயலவில்லை. பௌதிகம் கூறியதையே செவியும் கூறிற்று. 2007இல் ஜேம்ஸ் ராண்டி என்பார், ஏழாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள ஒரு ஜோடிக் கேபிளைச் சாதாரணக் கேபிளினின்று செவியால் பிரித்தறிவார்க்குத் தம் நிறுவனத்தின் பத்து இலக்கம் டாலர்ப் பரிசு உரியதென அறிவித்தார். அச்சோதனை நிகழாமலே போயிற்று.

நம் மாணவர் இதற்காக அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. கம்பியின் தடையை அளத்தற்குக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கேரி பாஸ்டர் பாலம் உண்டு. அதுவும் வேண்டாவெனின், ஒரு ஆம்பியர் ஓட்டத்தைக் கம்பியின் வழியே விட்டு இரு முனைக்கும் இடையே உள்ள அழுத்தத்தை மில்லிவோல்ட்டில் படித்தாற் போதும். 70 மில்லிவோல்ட் எனின் 0.07 ஓம். செவியைச் சோதித்தற்கு இரு நண்பரும் ஒரு காசும் வேண்டும். ஒருவர் திரைமறைவில் காசைச் சுண்டி, தலை விழின் ஒரு கம்பியும் பூ விழின் மற்றொரு கம்பியும் இணைத்து, எதை இணைத்தார் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளல் வேண்டும். கேட்பவர் இருக்கையை நகர்த்தாது அமர்ந்து, தாம் கேட்டது எது என்று எழுதல் வேண்டும். இரு கம்பிக்கும் ஒலியளவு ஒன்றேதானா என்பதை முன்னரே ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்மீட்டரால் ஒத்துப்பார்த்தல் இன்றியமையாதது. பதினாறு முறை இங்ஙனம் செய்தால், செவி ஒன்றும் அறியாதிருந்தும் குருட்டாம்போக்கில் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு நூற்றில் நான்கு வாய்ப்பே உண்டு. ஆதலின் பன்னிரண்டு வரின் அவர் எதையோ கேட்டார் என்று கொள்ளலாம்; எட்டு ஒன்பதாயின் காசே கேட்டது என்க. கம்பியைக் கழற்றி மாட்டுவதற்கு நேரம் பிடிப்பதால் ஒரு மாலைப்பொழுது முழுதும் இதற்கு வேண்டும். கேட்பவர் களைத்தால் மறுநாள் தொடரலாம். அதுவரை எத்தனை சரி என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடலாகாது.